கணக்கை முடிக்க வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கும் விதிகளை மாற்றுவதென்று, அந்நிதியை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்ததிலிருந்து, ‘எங்கள் பணத்தை எடுக்க எங்களுக்கே தடையா’ என்ற கேள்வி தொழிலாளர்களிடையே ஓயவில்லை. வேலையிழந்தவர் கணக்கை முழுவதுமாக முடித்துப் பணம் பெறக் காத்திருக்க வேண்டிய காலம் 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், ஓய்வூதியப் பங்கைப் பெறுவதற்கான காலம் 36 மாதமாகவும் நீளும் என்பதே அந்தக் கோபத்துக்குக் காரணம். கோபம் நியாயமானதுதான். ஆனால், நூற்பாலை ஒன்றில் வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஓர் இழப்பை, அதாவது ஆலை மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணம் வாங்குவதால் நேரும் இழப்பைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மாதம் 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய 12 விழுக்காடான 1,200 ரூபாயும், நிர்வாகம் போடும் அதே 12 விழுக்காட்டில் ஓய்வூதியத்துக்குப் போகும் 8.33 விழுக்காடு நீங்கலாக மீதமுள்ள 367 ரூபாயும் சேர்ந்து மாதந்தோறும் 1,567 ரூபாய் அவர் கணக்கில் ஏறும். சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை, வட்டி 2024-25இல் அறிவிக்கப்பட்ட 8.25 விழுக்காடாகவே நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 2 லட்சத்து 86 ஆயிரம் சேரும். அதைத் தொடாமல் 30 ஆண்டுகள் பணியாற்றினால் மொத்தம் 23 லட்சத்தைத் தாண்டும். இந்த 23 லட்சத்தில் ஏறக்குறைய 14 லட்சம், முதல் 10 ஆண்டுகளில் போட்ட பணமும் அது ஈன்ற வட்டியும்தான். அடுத்த 20 ஆண்டுகள் உழைத்துப் போடும் தொகை அதைவிடக் குறைவாகவே வளரும். இளவயதில் எடுத்துவிடும் தொகை கையில் வாங்கும்போது சிறிதாகத் தெரிந்தாலும், உண்மையில் கணக்கின் வேரே அதுதான்.

ஓய்வூதியத்தில் நேரும் இழப்பு இதைவிடக் கொடியது. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, 10 ஆண்டுப் பணிக்காலம் இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஒரு பெண் மூன்று ஆலைகளில் தலா ஆறு ஆண்டுகள் ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் இயந்திரத்தில் நின்று வேலை செய்தவர். ஒவ்வொரு ஆலையை விட்டு வரும்போதும் வைப்பு நிதிக் கணக்கை முடிக்கும் படிவம் 19உடன் படிவம் 10சியிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது, பிடித்துவைத்த ஓய்வூதியப் பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு அதுவரை செய்த பணிக்காலத்தை விட்டுக்கொடுக்கும் படிவம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பணிக்காலம் 18 ஆண்டுகளாகத் தொடர்ந்திருந்தால், 10,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 2,571 ரூபாய் ஆயுள் முழுவதும் வந்திருக்கும். இப்போது அவருக்கு ஒன்றுமில்லை. கையில் வாங்கிய தொகைகள் ஒரு முறை வட்டிக்கடனுக்கும், ஒரு முறை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் போயின. அந்தத் தேவைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவற்றில் விதி இடம்கொடுத்ததற்காவது, கணக்கை முடிக்காமல் படிவம் 31 மூலம் முன்பணம் பெற்றிருந்தால், பணிக்காலம் அறுபடாமலே காரியம் முடிந்திருக்கும் என்பதே என் ஆதங்கம்.

தொழிலாளிக்குப் பொறுமையில்லை என்று சொல்லிவிடுவது எளிது, அது உண்மையல்ல. யு.ஏ.என். என்னும் ஒரே வைப்பு நிதி எண் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்றுதான் 2014இல் அது கொண்டுவரப்பட்டது. நடைமுறையில், பழைய எண்ணைக் கேட்டுப் பதிய மெனக்கெடாமல் புது எண் போட்டுவிட்ட நிர்வாகங்கள் உண்டு. ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், ஆலைப் பதிவேட்டில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். அந்த ஒரு வேறுபாட்டுக்காகக் கணக்கு மாற்றம் நின்றுவிடும். அதைச் சரிசெய்யப் பழைய ஆலைக்கு நடையாய் நடப்பதற்கு ஒருநாள் கூலி போகும். கடைசியில் கம்ப்யூட்டர் சென்டரில் கமிஷன் கொடுத்துக் கணக்கை முடித்து வாங்குவதே சுலபம் என்றாகிவிடுகிறது.

ஆகவே, காத்திருப்புக் காலத்தை நீட்டுவதால் மட்டும் தொழிலாளியின் சேமிப்பு பெருகிவிடாது. இரண்டு மூன்று எண்களில் சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்கும் பொறுப்பை, புதிதாக வேலைக்குச் சேர்க்கும் நிர்வாகத்தின் மீது சட்டப்படி சுமத்த வேண்டும். படிவம் 10சியில் கையெழுத்து வாங்குமுன், எத்தனை ஆண்டுப் பணிக்காலம் அழிகிறது என்பதையும், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் பெற்று அந்த ஆண்டுகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வைப்பு நிதி நிறுவனம் மாதந்தோறும் மாவட்டங்களில் நடத்தும் குறைதீர் முகாம், ஷிப்டில் இருப்பவருக்கு எட்டாத பகல் வேளையில் நடப்பதால், அதை நூற்பாலைகள் நிறைந்த ஊர்களில் ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலிலேயே நடத்த வேண்டும். தொழிற்சங்கங்கள் விதிமாற்றத்தை எதிர்க்கும் அதே வேகத்தில் இக்கோரிக்கைகளையும் முன்வைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
இராசபாளையம்.