வெயிட் மெஷினைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

மண்டபம்

அன்பு மகள் கவிதாவுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம்.

தை கடைசியில் நீயும் சிநேகிதிகள் மூன்று பேரும் வருகிறீர்கள் என்றதில் ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய உங்கள் வாட்ஸப் குரூப் படங்களையும் பார்த்தேன். எழுந்ததும் நாலு பேரும் எடையைப் போடுகிறீர்கள். சாப்பிட்டதைப் போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். அரைக் கிலோ ஏறினவள் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடுவதில்லை. இது போதாதென்று, இங்கே இருக்கும் நாலு நாளில் ஆளுக்கு ஒரு கிலோ குறைப்பதாகப் பந்தயம் வேறு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பந்தயத்தை விடுங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நாலு நாளில் அது கரைய வேண்டுமானால் நாளைக்கு 1,900-க்கு மேல் குறைய வேண்டும். உன் அளவுள்ள பெண்ணுக்கு நாள் முழுக்கச் செலவாவதே ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படியானால் நாலு நாளும் பச்சைத் தண்ணீர்தான். நாளைக்கு 500 குறைத்தால் வாரத்தில் அரைக் கிலோ வரும், அது போதும். ஊர் சுற்றும் நாட்களில் அதுவும் வேண்டாம். ஏறாமல் பிடித்து வைத்தாலே பெரிய காரியம்.

காலையில் காட்டும் எண்ணை நம்பி நாளை ஓட்டாதே. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ராத்திரி ரயிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்தால் கணுக்கால் வீங்கும். மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும், பயணத்தில் வயிறு சரியாகப் போகாத நாட்களிலும் எண் ஏறும். இதில் எதுவும் கொழுப்பு இல்லை. பத்தியம் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது என்று குதித்தீர்களே, அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். சோற்றைக் குறைத்தால் உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து செலவாகும். அது ஒரு கிராம் போனால் கூடவே மூன்று கிராம் தண்ணீர் போகும். திரும்பச் சோறு தின்றால் இரண்டும் திரும்பி வரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருத்திக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை 68.4, 69.1, 68.9, 68.2, 68.6, 68.0, 68.5 என்று வைத்துக்கொள். அடுத்த வாரம் 68.9, 68.3, 68.1, 68.4, 67.8, 68.0, 67.6. திங்களுக்குத் திங்கள் பார்த்தால் அரைக் கிலோ ஏறிவிட்டது, குரூப்பில் அழுகைப் பொம்மை போட வேண்டியதுதான். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்துப் பார். முதல் வாரம் 68.5, அடுத்த வாரம் 68.2 வரும். இறங்கியிருக்கிறாள். ஆகவே எடை பார்ப்பதென்றால் காலையில் பாத்ரூம் போய் வந்தபின், காப்பிக்கு முன்னால், ஒரே மெஷினில், டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள். கால்மிதி விரிப்பின் மேல் வைத்தால் எண் தப்பும். குரூப்பில் வாரச் சராசரியை மட்டும் போடுங்கள். மாதம் இரண்டு தடவை இடுப்பையும் டேப்பால் அளங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபிறகு பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு.

இன்னொன்று. உங்களில் ஒருத்தி 90 கிலோ, ஒருத்தி 60. இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் வைத்து யார் முதல் என்று பார்ப்பது நியாயமே இல்லை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 90 கிலோக்காரிக்கு ஏறக்குறைய 300 கலோரி செலவாகும், 60 கிலோக்காரிக்கு 200-தான். கனத்தவளுக்கு முதலில் வேகமாக இறங்கும், ஒல்லியானவளுக்கு இழுத்துக்கொண்டே போகும். இன்றைக்கு என்ன சமைத்தேன், எவ்வளவு நடந்தேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று போட்டால் மற்றவளுக்கும் உபயோகம். 68.4 என்று போட்டால் யாருக்கு என்ன லாபம்?

இனி பயணத்துக்கு வருகிறேன். போட் மெயில் ரயிலில் வந்தால் மண்டபத்திலேயே இறங்கிவிடுங்கள். கெடுவது அந்த ராத்திரியில்தான். பசியில்லாமலே ஸ்டேஷனுக்கு ஒரு வடை, ஒரு டீ உள்ளே போகும். சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்ட டீயில் சர்க்கரை மட்டுமே 40 கலோரி, பாலுக்குத் தனிக் கணக்கு, எண்ணெயில் பொரித்த வடை நூறைத் தாண்டும். ஆளுக்கு நாலு இட்லி பொடி தடவிக் கட்டிக்கொள்ளுங்கள், நல்லெண்ணெய் ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இட்லி ஒன்று 50, 60-க்குள் அடங்கிவிடும். அவித்த முட்டை இரண்டு எடுத்துக்கொண்டால் நடுராத்திரிப் பசி வராது. புதுப் பாம்பன் பாலத்தை இன்னொரு நாள் ராமேசுவரம் போகும் ரயிலில் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் திறந்தது, நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். கப்பல் வரும் நேரம் வாய்த்தால் ரோட்டுப் பாலத்தில் நின்று பாருங்கள்.

வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பயப்படாதே. மீன் குழம்பில் தேங்காய் இருக்கிறதே என்று உன் சிநேகிதி கேட்டாளாம். ஆறு பேருக்கு அரை மூடித் தேங்காய் அரைத்தால் ஆளுக்கு விழுவது ஒரு ஸ்பூன் எண்ணெயைவிடச் சற்றே கூடத்தான். குழம்பில் ஆபத்தில்லை, குழம்பு ருசிக்காக மூன்றாம் தடவை போட்டுக்கொள்ளும் சோற்றில்தான் ஆபத்து. 100 கிராம் அரிசி 350 கலோரி. அது வெந்தால் 250 கிராமுக்கு மேல் சோறாகும். அளந்து வைத்தால் தட்டில் குறைவாகத் தெரியாது. நகரையும் பாறையும் கிடைத்தால் குழம்புக்கு வாங்குவேன். காரல் கிடைத்தால் மஞ்சளும் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுச் சாறு வைக்கலாம், எண்ணெயே வேண்டாம். ஒரு கிண்ணம் அதைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சோறு தானாகக் குறையும்.

வறுவலுக்கு மட்டும் ஒரு முறை சொல்கிறேன், அங்கேயும் செய்யலாம். மீனைக் கழுவித் தண்ணீரை நன்றாக வடிய விட வேண்டும். ஈரத்தோடு மசாலா தடவினால் அது கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்யும், பிய்ந்ததும் கை தானாக எண்ணெயை ஊற்றும். அரைக் கிலோ மீனுக்கு முண்டு மிளகாய்த் தூள் இரண்டு டீஸ்பூன், மஞ்சள் கால், உப்பு முக்கால், இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், அரை எலுமிச்சம்பழம். அரை மணி நேரம் ஊறட்டும். தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, துண்டுக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து நாலு நிமிஷம் தொடாமல் விட வேண்டும். வெந்த பக்கம் கல்லை விட்டுத் தானே கழன்று வரும். அப்போது திருப்பினால் உடையாது. கழலுமுன் கரண்டியைப் போட்டால் தோல் கல்லோடு நின்றுவிடும். வாணலியில் முக்கிப் பொரித்தால் அதே துண்டு எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று யாருக்கும் தெரியாது.

கருவாடு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு நாளைக்கு, ஒரு துண்டு. வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவினால்தான் உப்பு கொஞ்சமாவது போகும். அடுத்த நாள் மோதிரம் விரலில் இறுகினால் ஏன் என்று உனக்கே தெரியும். மாலை நேரத்துக்குப் பனங்கிழங்கு அவித்து வைக்கிறேன், சீசன் இருக்கும். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோல் உரித்து, நடுவே பிளந்து நாரை எடுத்துவிட்டு மென்று தின்ன நேரமாகும். ஒரு கிழங்குக்குள் பசி அடங்கிவிடும். கீழக்கரைத் தொதல் விஷயம் வேறு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எண்ணெய் பிரியும்வரை கிண்டுவது அது. கருப்பட்டிதானே, ஏறாது என்பாய். சர்க்கரைக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு வில்லை தின்று ருசி பார், டப்பாவை என்னிடம் கொடு. ராத்திரி வெளியே புரோட்டா என்றால் ஒன்றே 250-ஐத் தொடும், சால்னாவின் மேலே மிதக்கும் எண்ணெயைச் சேர்க்காமல். நடையெல்லாம் ஒரே புரோட்டாவில் போய்விடும்.

கொள்ளுத் தண்ணீர், வெந்நீரில் எலுமிச்சை எல்லாம் கேட்டிருந்தாய். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழிதான். ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. புரதமும் நாரும் இருப்பதால் வயிறு நிறைகிறது, அவ்வளவே. அதனால் ரசமாக வடித்துக் குடிப்பதைவிடச் சுண்டலாகத் தின்பது மேல். எலுமிச்சைத் தண்ணீர் தாகத்துக்கு நல்லது. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் பவுடர் எதையும் பெட்டியில் கொண்டு வராதே.

தனுஷ்கோடி நடைக்குத் திட்டம் போட்டதைப் பார்த்தேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர், போக வர 19. நிழல் என்று ஒரு மரம் கிடையாது. அது வேண்டாம். பழைய தனுஷ்கோடி வரை வண்டியில் போய், இடிந்த சர்ச்சைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து முனைக்கு நாலரைக் கிலோமீட்டர் நடங்கள், வண்டி முனையில் காத்திருக்கட்டும். விடிந்ததும் கிளம்ப வேண்டும். எட்டரை, ஒன்பதுக்கு மேல் தார் ரோடு கொதிக்கும், காற்று அடிப்பதால் வியர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும். காற்றில் மணல் ரோட்டின் மேல் ஏறிக் கிடக்கும், செருப்பில் மணல் புகுந்து உராய்ந்தால் கொப்புளம்தான், ஷூவும் பருத்திச் சாக்ஸும் போடுங்கள். முனையில் இறங்கிக் குளிக்கவே கூடாது. மன்னார் வளைகுடாவான ஆண்கடலும் வங்கக்கடலான பெண்கடலும் முட்டும் இடத்தில் அடியிழுப்பு எப்படி என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது.

மணலில் நடப்பதென்றால் மண்டபத்துக் கரையே போதும். வாடைக்காற்று நாட்களில் வடகடல் அலையடிக்கும், தென்கடல் பக்கம் அமைதியாக இருக்கும், அங்கே போகலாம். முதல் நாள் கால் மணி நேரம் நடந்தால் போதும். உதிரி மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் காலையில் படி இறங்க முடியாது. அலை வந்து போன ஈர மணலில் நட. கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும், இடுப்பு வலிக்கும். போன வழியே திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் சமமாகும்.

ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடப் போகிறீர்கள் என்றால் உடுப்பைக் கவனி. கனத்த பருத்திச் சேலை நனைந்தால் தூக்கி நடக்கவே பாடு. லேசான சுடிதார் போதும். ஈரத்தோடு அவ்வளவு நேரம் நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும், கொஞ்சம் கனத்த உடம்புக்காரிகளுக்கு இது நிச்சயம். கிளம்பும் முன்பே உள்தொடையில் வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். கல் தரை முழுக்க ஈரம், வழுக்கும், அவசரப்படக் கூடாது. ஈர உடையோடு சாமி பார்க்க விட மாட்டார்கள், மாற்றுத் துணி இன்னொரு பையில் இருக்க வேண்டும். மாற்றிக்கொண்டபின் 1,212 தூண் இருக்கும் வெளிப் பிரகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் அன்றைய நடையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும், அதுவும் வெயில் படாமல்.

உங்களில் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவள் ஒருத்தி என்றாய். மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு தீர்த்தமாடவோ நடக்கவோ அவளை விடக் கூடாது. கை நடுங்கினால், குப்பென்று வியர்த்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, பிறகு இட்லியோ வாழைப்பழமோ கொடுங்கள். குளுகோஸ் பாக்கெட் ஒன்று உன் கைப்பையில் இருக்கட்டும், அவள் பையில் மட்டும் இருந்தால் போதாது. பயணத்துக்கு முன் அவள் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஊருக்குத் திரும்பியதும் அடுத்த நாளே மெஷினில் ஏறாதே. நாலைந்து நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, உப்பு பிடித்து வைத்த தண்ணீர் இறங்கின பிறகு பார்.

டிக்கெட் எடுத்ததும் எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று எழுது, அப்பா ஆட்டோ சொல்லி வைப்பார். யார் யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்து எழுது. நண்டை முதல் நாளே சொல்லி வைத்தால்தான் நல்லதாகக் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா