சட்டி தேய்த்த அண்ணனுக்கு

ஜூலை 26ஐ ஒட்டி வரும் புனித அன்னாள் திருவிழாவுக்குப் மலேசியாவின் புக்கிட் மெர்தாஜம் வந்த பக்தர்களுக்கு எங்கள் குழு பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) பிரட்டிக் கொடுத்தது. மெழுகுவர்த்திப் பவனி முடிந்து கூட்டம் கலைந்தபோது அடிப்பிடித்த மூன்று பெரிய சட்டிகள்தான் மிச்சம். (அடிப்பிடிக்க விட்டது நான்தான்.) முழங்கை வரை உள்ளே விட்டு, கம்பி நாரால் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவரும் இல்லை.

"போய்ப் படுங்கம்மா, காலையில வேலை இருக்கும்ல" என்றீர்கள். பெயர் கேட்டேன். "அதெதுக்கு?" என்று சிரித்துவிட்டு, பட்டர்வொர்த் பக்கம் மோட்டாரை விட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். எழுந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கைதட்டல் இனித்தது. நட்டவர் பவுல், நீர் பாய்ச்சியவர் அப்பொல்லோ, விளையச் செய்தவர் கடவுள் என்று கொரிந்தியருக்கு எழுதிய பகுதியைப் பீடத்தில் நின்று வாசித்தவள் வேறு நான்!

சரி, இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். நன்றி அண்ணே. சட்டிகள் புதுசு போல இருக்கின்றன. அடுத்த வருடம் வந்தால் முதல் தட்டு உங்களுக்குத்தான், அடிப்பிடிக்காத பக்கத்திலிருந்து.