கோபக்கார மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

போன ஞாயிறு ஏழாவது குழியோடு ஆட்டத்தை விட்டுவிட்டு வந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். தோற்றதைவிட, "உன் குணத்துக்கு கோல்ஃப் சரிப்படாது" என்று கூட ஆடியவர் சொன்னதுதான் உன்னை உறுத்துகிறதாம். அந்தப் பேச்சை நான் ஒப்பவில்லை. இதே பேச்சைக் கேட்டு மட்டையை மூலையில் வைத்த பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

மட்டையைச் சுழற்றி அடிக்கும் ஒரு ஸ்விங்குக்கு இரண்டு நொடிகூட ஆகாது. பந்தை 90 முறை அடித்தாலும் மொத்தம் மூன்று நிமிடம். 18 குழிகள் கொண்ட ஒரு சுற்று முடிய நான்கு மணி நேரம் ஆகிறது. மீதியெல்லாம் நடையும் நினைப்பும்தான். கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கி வரும், யோசிக்க நேரமில்லை. இங்கே அது அசையாமல் கிடக்கிறது. போன குழியில் நழுவிய சின்ன அடியை மனம் மறுபடி மறுபடி ஆடிப் பார்க்கிறது. கோபம் கையை இறுக்கும், ஸ்விங்கை அவசரப்படுத்தும் என்பது உனக்கே தெரியும். அதைவிடப் பெரிய கேடு, இழந்ததை ஒரே அடியில் மீட்கத் துடிப்பது. மரங்களுக்குள் கிடக்கும் பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்காமல், இடுக்கு வழியே குழி இருக்கும் கிரீனைக் குறிவைப்பாய்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸைப் பற்றி நீ கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1916இல், 14 வயதில், தொழில்முறை அல்லாதவர்களுக்கான அமெரிக்க அமெச்சூர் போட்டி ஆட, பென்சில்வேனியாவின் மெரியன் மைதானத்துக்கு வந்தார். அப்போதே கிளப்பை, அதாவது மட்டையை, வீசியெறியும் பையன் என்று பெயர். 1921இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்று. 11ஆவது குழியில் பங்கர் என்னும் மணல் பள்ளத்துக்குள் மாட்டினார், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். உனக்கு வந்த அதே கோபம்தான். அப்போது அவருக்கு வயது 19.

அதே மனிதர் 1925 அமெரிக்க ஓபனில், புல்லுக்குள் தன் பந்து லேசாக அசைந்ததை வேறு யாரும் பார்க்காதபோதும் தானே சொல்லி, தன் கணக்கில் ஒரு அடி கூடும் தண்டனையை ஏற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் கோப்பை அவருடையது. ஆட்டம் சமனாகி, வெற்றியாளரை முடிவுசெய்ய ஆடிய பிளே-ஆஃபில் தோற்றார். 1927இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபனை வென்றார். 1930இல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் எடுத்தார். நான்காவது கிடைத்தது மெரியனில்.

அவர் சாந்தமாகிவிட்டார் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய போட்டிகளின்போது சாப்பாடு இறங்காது, உடம்பு இளைத்துப்போகும். 28 வயதில் போட்டி ஆட்டத்தையே விட்டார். தீ அணையவில்லை, அதை அடுத்த அடிக்குள் விடாமல் பார்த்துக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அந்த விலையை நீ கொடுக்க வேண்டாம் என்பது என் ஆசை.

அதே மெரியனில் 1950இல் பென் ஹோகன் அமெரிக்க ஓபனை ஜெயித்தார். முந்தைய ஆண்டுதான் பேருந்து மோதிப் பிழைத்தவர், களத்தில் வாயே திறக்கமாட்டார். 1971இல் அங்கேயே அதே போட்டியை ஜெயித்த லீ டிரெவினோ ஓயாத பேச்சுக்காரர். எதிராட்டக்காரர் ஜாக் நிக்லஸுடன் பிளே-ஆஃப் தொடங்கும் முன் பையிலிருந்து ரப்பர் பாம்பை எடுத்துக் காட்டிச் சிரிக்க வைத்து, 68க்கு 71 என்று குறைந்த அடிகளில் வென்றார். ஹோகனை அரட்டையடிக்கச் சொல்லியிருந்தாலும், டிரெவினோவை வாய்மூடச் சொல்லியிருந்தாலும் இருவருமே கெட்டிருப்பார்கள். ஆகவே உன் அமைதியான நண்பனைப் போல நடிக்கப் பார்க்காதே. அது உனக்கு ஒட்டாது.

இப்படிச் செய்து பார். கிளப்பைப் பைக்குள் போடும் வரை உன் கோபத்துக்கு அனுமதி உண்டு. மனசுக்குள் திட்டிக்கொள், வேகமாக நட. ஆனால் எதையும் எறியாதே, பக்கத்தில் ஆள் நிற்கிறார்கள். அடுத்த கிளப்பை உருவும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்: போன குழியை பார், அதாவது அதற்குக் குறித்த அடிகளிலேயே, முடித்திருந்தால் இங்கே எந்த அடியை ஆடியிருப்பேன்? அதையே ஆடு.

அடுத்த சுற்றின் ஸ்கோர் கார்டை எனக்கு அனுப்பு. எண்ணிக்கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் குழியில் கோபம் வந்தது, அதற்கடுத்த அடிக்கு எந்த கிளப் எடுத்தாய் என்று ஓரத்தில் குறித்து அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா