கூத்தாடியவருக்கும் ஒரு பங்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய வீடியோ தளங்களால் நம் நாட்டுக் கலைக்கும் தொழிலுக்கும் எவ்வளவு நன்மை என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். 2025 மே மாதம் மும்பையில் நடந்த வேவ்ஸ் மாநாட்டில் யூடியூபின் தலைமை அதிகாரி நீல் மோகன், மூன்று ஆண்டுகளில் இந்தியப் படைப்பாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் ஊடக நிறுவனங்களுக்கும் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இருக்கட்டும். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் அந்தப் பணம் எந்தக் கைக்குப் போகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா செய்யாறு பக்கம் ஒரு கூத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வாத்தியார். ராஜவேஷம் கட்டியவர், முழங்கால் தேய்ந்த பிறகு ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஜமாவின் தேதி, கணக்கு, போன் எல்லாம் என் பொறுப்பு. பங்குனி பிறந்தால் ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். மத்தியானம் பிரசங்கியார் கதை சொல்வார். இராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து ஆரம்பித்தால் விடிந்துதான் முடியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவியில் கூத்துக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிசயம், அதுவும் பொங்கலுக்குத்தான். யூடியூபில் போன் நம்பரைச் சரிபார்த்த கணக்கிலிருந்து 12 மணி நேரம் வரை நீளமான வீடியோவை ஏற்றலாம். கூத்தை மனதில் வைத்து யாரும் அந்த விதியைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு ராத்திரிக் கூத்து, கடவுள் வாழ்த்தில் தொடங்கி மங்களம் வரை வெட்டே இல்லாமல் அதற்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் ஜமாவில் கட்டியங்காரன் (கோமாளி) வேஷம் கட்டுகிற பையன் ஐடிஐ படித்தவன், கூத்துக் குடும்பமும் இல்லை. பழைய வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கிறிக்கி அடிக்கும்போது, அதாவது சுழன்று ஆடும்போது, கால் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினான். "தாளத்தைக் காதால கேக்காம, காலைக் கண்ணால பாத்துப் பழகறான்" என்று அப்பா முதலில் முணுமுணுத்தார். இப்போது அவனில்லாமல் தேதி ஒப்புக்கொள்வதில்லை.

கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டித் தருகிற ஒருவர் எங்களுக்குப் பழக்கம். முன்பெல்லாம் சுற்றுவட்டார ஜமாக்கள்தான் அவரிடம் வரும். இப்போது வீடியோவில் கட்டையைப் பார்த்துவிட்டுத் தர்மபுரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறவர்கள், "அப்பாவுக்கு வைக்கணும், இந்த வீடியோவில கர்ணன் கட்டினவரே வரணும்" என்று கேட்கிறார்கள்.

எந்த நம்பருக்குக் கேட்கிறார்கள் என்பதில்தான் வம்பு. திரையின் அடியில் ஓடுகிற நம்பர் வாத்தியாருடையது இல்லை, வீடியோக்காரருடையது. அவர் தேதி பேசி, தன் பங்கைக் கழித்துக்கொண்டு ஜமாவுக்குச் சொல்லி அனுப்புவார். எவ்வளவு கழித்தார் என்பது கேட்டவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஒரு துகிலுரிதல் இரவு. களரிக்கு, கூத்தாடுகிற இடத்துக்கு, நேர் எதிரே வீடியோக்காரர் ஸ்டாண்டு போட்டுக் கேமராவை நிறுத்தியிருந்தார். மைக் செட் மிக்சரிலிருந்து ஒரு ஒயர் அவருக்குப் போயிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டுப் பார்த்து அலுத்துப் போனார்கள். புடவையில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதனன் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது வேஷம் இல்லை, நிஜமாகவே கேட்பது. அவர் சந்நிதியைப் பார்த்துக் கற்பூரத் தட்டைத் தூக்குகிறார். "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக் காட்டுங்க, லைட் வரல" என்று கேமராவிலிருந்து குரல். அப்பா ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். முகவீணைக் குழலும் நின்றது. துச்சாதனன் திரும்பவில்லை. அந்த வீடியோவில் அந்த இடத்தில் அவருடைய முதுகுதான் தெரியும்.

வருமானத்துக்கு வருகிறேன். முழு விளம்பரப் பங்கு கிடைக்க ஒரு சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் கணக்கு வேறு). எட்டு மணி நேரக் கூத்தை 500 பேர் விடிய விடியப் பார்த்தால் அந்த 4,000 வந்துவிடும். அதன் பிறகு விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. சேனல் என்றால் ஏற்றியவர். பாடியவர், ஆடியவர், முகவீணையில் மூச்சு விட்டவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. 2020-ல் ஊரடங்கு போட்டது பங்குனியில். அந்த வருஷம் கொடியும் ஏறவில்லை, பாரதமும் இல்லை. வீட்டில் முடங்கிய சனம் போனில் பழைய கூத்துகளைப் பார்த்தது, விளம்பரமும் ஓடியது. அதில் ஆடியவர்கள் செங்கல் சூளைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள்.

வீடியோக்காரரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர், எங்களோடு சேர்ந்து கண் விழிக்கிறவர். அவர் இல்லையென்றால் பதிவே இல்லை. "நீங்களே சேனல் ஆரம்பிக்கலாமே" என்பவர்களுக்கு: ஆரம்பித்திருக்கிறோம். ஆனால் ஜமாவில் இருக்கிற அத்தனை பேரும் அரிதாரத்தில் இருக்கும்போது கேமராவை யார் பிடிப்பது? அவ்வளவு பெரிய ஃபைலை எங்கள் ஊர் நெட்டில் ஏற்றுவதற்குள் அடுத்த கூத்து வந்துவிடும்.

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 1994-ல் நிகழ்த்துவோர் உரிமை சேர்க்கப்பட்டது. நேரில் நிகழ்த்துவதை அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து மக்களிடம் கொண்டுபோகக் கூடாது. அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். யாரெல்லாம் நிகழ்த்துவோர் என்ற பட்டியலில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் பெயர் சொல்லியிருக்கிறது. 2012 திருத்தம், வியாபார ரீதியில் பயன்படுத்தினால் அவர்களுக்கு ராயல்டி உண்டு என்கிறது. பாம்பாட்டிக்கு உள்ளது ராஜவேஷக்காரருக்கு இல்லையா?

தளத்தின் ஏற்பாட்டிலும் ஒரு கோணல் இருக்கிறது. கூத்துக்கு முன்னால் கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய அம்மன் பாட்டு பதிவில் விழுந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற மெஷின் அதைக் கண்டுபிடித்துவிடும். பாட்டுக் கம்பெனி விரும்பினால் அந்த வீடியோவின் வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று மெஷினுக்குத் தெரிகிறது. எட்டு மணி நேரம் ஆடியது யார் என்று கேட்க அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. கூத்துக்குத் தாம்பூலம் மாற்றும்போது விழாக் குழு எழுதுகிற தாளில் சில வரிகள் கூட வேண்டும். படம் பிடிக்க ஜமாவின் சம்மதம் வேண்டும், திரையில் ஜமாவின் பெயரும் வாத்தியார் நம்பரும் வர வேண்டும், வருமானம் வந்தால் சரிபாதி. பார்க்க வந்தவர் தன் போனில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் யாரும் சண்டைக்குப் போகப் போவதில்லை. கலை பண்பாட்டுத் துறையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் சேர்ந்து இதற்குத் தமிழில் ஒரு பக்கத்துக்கு மாதிரிப் படிவம் தரலாம். வாரிய அட்டை புதுப்பிக்கும்போதே கையில் கொடுத்துவிடலாம்.

நாங்களாக எழுதிக் கொண்டுபோன தாளில் ஒரு ஊர் விழாக் குழு மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டது. இன்னொரு ஊரில், "வீடியோக்காரனுக்கும் உங்களுக்கும் இருக்கிற வழக்கை ஊருக்குள்ள ஏம்மா இழுக்கிற, இதுல கவர்மென்ட்டு சீல் இருக்குதா?" என்று கேட்டார்கள். அந்த சீலுக்காகத்தான் இந்தக் கடிதம். அடுத்த பங்குனிக்குள் படிவம் வந்துவிட்டால் நல்லது. எங்கள் ஜமா தை மாதத்திலேயே தேதி பேசத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு கூத்து வாத்தியாரின் மகள்,
செய்யாறு