கயல் சைக்காலஜி படிக்கட்டுமா?

அன்புள்ள செல்வி,

தீபாவளி முடிந்து ஊர் அடங்கியதும் எழுதலாம் என்று இருந்தேன். "என் மக கயல் சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, அதுல சோறு இருக்கா சொல்லு" என்று நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி தட்டிவிட மனசு வரவில்லை. அதனால் இந்த நீளக் கடிதம். உன் வீட்டுக்காரரும் படிக்கட்டும்.

சோறு இருக்கிறது. நாம் ஹாஸ்டலில் இருந்த காலம் மாதிரி இல்லை. ஏர்வாடி தர்கா பக்கத்து மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீ ஞாபகம் இருக்கா? 2001 ஆகஸ்ட் 6. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். நீங்கள் பி.காம். பெண்கள் எல்லாம் என் ரூமுக்கு வந்து, இவர்களை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை என்று சைக்காலஜி படித்த என்னைக் கேட்டீர்கள், என்னவோ நான்தான் பொறுப்பு மாதிரி. அன்றைக்குப் போக ஆஸ்பத்திரி எங்கே இருந்தது? பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளை விட்டால் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிதான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இப்போது மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2022 அக்டோபரில் இருந்து 14416 என்று டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் ஓடுகிறது. இதிலெல்லாம் எங்கள் படிப்புக்காரர்களுக்கு இடம் உண்டு. நிறைய ஒப்பந்த வேலை, சம்பளம் சுமார், அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை, கோவையில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்த நிலைக்கு வரப் பல வருஷம் ஆகும். பக்கத்து வீட்டுப் பையனின் ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

கயல் என்ன நினைத்துக்கொண்டு வருகிறாள் என்பதுதான் எனக்குக் கவலை. ரீல்ஸில் வருகிற மாதிரி எதிரில் இருப்பவர் மூக்கைச் சொறிந்தால் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று நினைத்தால், இப்போதே திருப்பி விட்டுவிடு. என் வேலையில் பாதி என்ன தெரியுமா? ஊனமுற்றோர் சான்றிதழுக்கு வருகிற பிள்ளைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது.

செகின் பலகை என்று ஒன்று உண்டு. பத்து வடிவங்கள் வெட்டிய மரப்பலகை: நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம், அறுகோணம் இப்படி. கட்டைகளை எடுத்து வெளியே அடுக்கி வைத்துவிட்டு, பிள்ளை எவ்வளவு சீக்கிரம் அந்தந்தக் குழியில் வைக்கிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்போம். மூன்று முறை செய்யச் சொல்லி, மூன்றில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். போன மாதம் நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் வந்தான். சாய்சதுரக் கட்டையை அறுகோணக் குழியில் வைத்து உள்ளங்கையால் அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கை மடியில் இருந்து அவரை அறியாமல் பலகைப் பக்கம் வருகிறது. பையன் திணறினால்தான் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால்தான் மாத உதவித்தொகை. அது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவன் கட்டையைத் திருப்பிச் சரியான குழியில் போட்டதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவன் என்ன செய்ய முடியும், எதைச் சொல்லிக்கொடுத்தால் வரும் என்று எழுதுவதற்குத்தான் இத்தனை வருஷப் படிப்பு என்பது என் கட்சி.

இன்னொரு பக்கம் பள்ளிக்கூடங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கவுன்சலர் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் அங்கே ஆள் எடுக்கிறார்கள். நான் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் இருந்தேன். டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு என்னை அனுப்புவார்கள், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் என்னிடம் பேசியதை வாரா வாரம் எழுதி நிர்வாகத்துக்குத் தரச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை. அதையெல்லாம் விட்டுவிட்டு, எவள் எவனோடு பேசுகிறாள் என்ற கணக்கைத்தான் அவர்கள் கேட்டார்கள். முடியாது என்றேன். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை.

சரி, எங்கே படிப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. முடித்தாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பு முடித்து அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும். என் காலத்தில் அது எம்.ஃபில். ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டும். 2025-26தான் அதற்குக் கடைசிச் சேர்க்கை என்று அறிவித்துவிட்டார்கள். பதிலுக்கு நாலு வருஷ பி.எஸ்சி. ஆனர்ஸ், சை.டி. (சைக்காலஜியில் டாக்டர் பட்டம்) என்று புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். கயல் படித்து முடிப்பதற்குள் இன்னும் என்னென்ன மாறுமோ, யார் கண்டது? அதனால்தான் சொல்கிறேன், பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கல்லூரி தேடாதே. அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேள்: பிள்ளைகள் நோயாளிகளைப் பார்க்கும்போது அதை உட்கார்ந்து சரிபார்க்கிற ஆள் யார், வாரத்தில் எவ்வளவு நேரம்? இழுத்து மழுப்பினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

பெங்களூருவில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மா, கேஸ் ஷீட்டில் யார் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினாலும் பக்கத்திலேயே "என்ன செய்தார்? என்ன சொன்னார்?" என்று பென்சிலில் எழுதித் திருப்பித் தருவார். ஒரு தீர்ப்பை அழித்துவிட்டுக் கண்ணால் பார்த்ததை எழுத வைப்பார். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. 2025 ஆகஸ்டில் யூஜிசி தொலைதூரக் கல்வியில் சைக்காலஜியை நிறுத்தியதும் பலர் கொதித்தார்கள். கல்யாணமாகி வீட்டில் இருந்தபடி படித்த பெண்களை நினைத்தால் எனக்கும் பாதி வருத்தம்தான். ஆனால் மூன்று மாதச் சான்றிதழை வாங்கி, மறுநாளே தம்பதியர் ஆலோசனை என்று கடை விரிக்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த வருத்தம் குறைந்துவிடுகிறது.

அப்புறம், அவளிடம் புள்ளியியல் பேப்பர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. கணக்கு வேண்டாம் என்று இங்கே ஓடிவருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே அழுகிறார்கள். அது எதற்கு என்று கேட்டால் இதைச் சொல். நம்மூரில் என்னிடம் வருகிறவர்களில் பலர் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்விட்டுத்தான் வருவார்கள். பெங்களூரு மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் கூட இருந்தவர்களும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை வந்தபோதும் போகும்போதும் அளந்து பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய் அறிகுறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இதைக் கேட்டதும் ஒருத்தர் சாமி மகிமை என்பார், இன்னொருத்தர் மூடநம்பிக்கை என்பார். படித்தவள், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருந்ததா, கூடத் தங்கிய சொந்தக்காரர்களால் குறைந்ததா, கோயிலின் அமைதியால் குறைந்ததா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி அவளுக்குச் சுவாரசியமாக இருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடு. கொட்டாவி வந்தால் எச்.ஆர். பக்கம் போகட்டும், அதிலும் சைக்காலஜிக்காரர்களை எடுக்கிறார்கள்.

அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். ஆறு மணிக்கு மேல் என் போன் சைலன்ட். கதவைச் சாத்திக்கொண்டு தோசை ஊற்றுவேன், சீரியல் பார்ப்பேன். அதையும் பழகிக்கொள்ளலாம்.

டிசம்பர் அரையாண்டு லீவில் அவளைத் திருநெல்வேலிக்கு அனுப்பு. என் வீட்டிலேயே தங்கட்டும். நோயாளிகளோடு உட்கார வைக்க முடியாது, ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருக்கிற கூட்டத்தைப் பார்க்கலாம், என் ஜூனியர் பெண்களோடு பேசலாம். அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி முடிவானால் சொல். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், ஆஸ்பத்திரியில் ராத்திரி இருக்க ஆள் வேண்டுமே.

அன்புடன்,
மல்லிகா