இங்கிலாந்தின் ஆஷிங்டனிலிருந்து அப்பாவுக்கு

20.9.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறேன் என்று அம்மா குறைப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். நைட் டியூட்டி கொஞ்சம் அதிகம். நானாகக் கேட்டு வாங்கியதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பரிலேயே காது விறைக்கிறது. நல்ல அரிசிக்கு நியூகாசில் போக வேண்டும். 1964இல் நிறுத்திய பயணிகள் ரயிலைப் போன டிசம்பரில் மறுபடி விட்டார்கள், அதனால் பரவாயில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா லீக் வளர்க்கிறார். வெங்காயத்தாள் ஜாதிதான், ஆனால் என் முழங்கை அளவு தடிமன். போட்டிக்காம். தினமும் டேப்பால் சுற்றளவு பார்க்கிறார், சமைத்ததாகத் தெரியவில்லை. நீங்கள் நெய்வேலி மைனில் இருந்தவர் என்றதும் என்னை வுட்ஹார்ன் மியூசியத்துக்கு இழுத்துப் போய்விட்டார். 1981இல் மூடிய சுரங்கம் அது.

உள்ளே சுவர் நிறைய படங்கள். வரைந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகள். ஓவியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள 1934இல் மாலை வகுப்பு வைத்தார்களாம். நியூகாசிலிலிருந்து ராபர்ட் லயன் என்ற வாத்தியார் வந்து பழைய இத்தாலிப் படங்களை ஸ்லைடு போட்டுக் காட்ட, யாருக்கும் ஏறவில்லை. சரி, நீங்களே வரையுங்கள் என்றுவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்து, அட்டையிலும் பிளைவுட்டிலும் சுவருக்கு அடிக்கிற பெயிண்டால் வரைந்திருக்கிறார்கள். கொண்டுவந்ததை எல்லாரும் சேர்ந்து அலசித் துவைப்பார்களாம். வாத்தியார் போன பிறகும் விடவில்லை. சொந்தமாக ஒரு ஷெட் போட்டு எண்பதுகள் வரை கூடியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

நம் ஊரில் வெயிலில் வெட்டுகிறோம். இங்கே பூமிக்கடியில். ஆலிவர் கில்போர்ன் வரைந்த கரி வெட்டுகிறவர்களுக்கு முதுகு நிமிர இடமில்லை. தாத்தாவோ அதையெல்லாம் விட்டு, ஜிம்மி ஃபிளாய்டின் புறாக்கூண்டுப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். அரை மணி நேரம் நகரவில்லை.

சம்பளச் சீட்டின் பின்பக்கம், சுரங்கத்தில் மண் வெட்டுகிற அந்தச் சக்கர மெஷினை எனக்கு வரைந்து காட்டுவீர்களே, ஒவ்வொரு வாளிக்கும் பல் போட்டு. அது எங்காவது இருக்கிறதா அப்பா? முற்றத்தில் நீங்கள் பூட்ஸைத் தட்டுகிற சத்தம் இங்கே சில விடியற்காலை கேட்கிறது. இந்த வருடப் பலாப்பழமும் போயிற்று.

அப்புறம், கவிதா விஷயம். மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் என்றால் சரி சொல்லுங்கள். முந்திரித் தோப்பை மட்டும் அடமானம் வைக்காதீர்கள். இந்த மாதப் பணம் இருபத்தைந்துக்கு மேல் வரும், பேங்கில் சின்னத் தாமதம். சித்தப்பா வேலி விஷயம் பேசினால், நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
செந்தில்