வெளிநாட்டு மொழியைக் கட்டாயமாக்க முன் ஆங்கில ஆசிரியரைத் தாருங்கள்: கோரிக்கை மனு

செயலாளர் அவர்கள்,
கல்வி அமைச்சு, வட மாகாணம்.

மதிப்புக்குரிய ஐயா,

மாங்குளத்திலிருந்து மல்லாவிப் பக்கமாக உள்ளே போகும் கிராமமொன்றின் பெற்றோர் சார்பில் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டு மொழி ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும், பிரெஞ்சோ கொரியனோ எதுவென்றாலும் சரி என்ற பேச்சு எங்கள் பெற்றோர் கூட்டங்களிலும் எழுகிறது. அந்த ஆசை எங்களுக்கும் விளங்குகிறது. பாரிஸில் சித்தப்பாவோ கனடாவில் மாமியோ இல்லாத வீடு இங்கே குறைவு. கொரியாவுக்கு வேலைக்குப் போக அந்த மொழிப் பரீட்சையில் தேற வேண்டும் என்பதால் பெடியள் ரவுனில் தனியார் வகுப்புக்குக் காசு கட்டுகிறார்கள். ஆனாலும் கட்டாயம் வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

ஏனென்றால், பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் ஆறு கட்டாயப் பாடங்களில் ஒன்றான ஆங்கிலமே எங்கள் பாடசாலையில் பெயருக்குத்தான் நடக்கிறது. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை. உயர்தரம் முடித்த ஊர்ப்பிள்ளை ஒருவர் தொண்டராக வந்து சமாளிக்கிறார். எட்டாம் தரத்துப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், ஐயா. ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் 'தே ஆர் பிளேயிங்' என்று தமிழெழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துத் தட்டாமல் வாசிப்பாள்; என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பாள். பிள்ளை மேல் என்ன குற்றம்? இதற்கு மேல் இன்னொரு கட்டாயப் பாடத்தை ஏற்றினால், பெறுபேறு வரும் நாளில் அழப்போவதும் அவள்தான்.

சிங்களமும் இப்படியே. 2007 யூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் மற்ற அரச மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அரச நிர்வாக அமைச்சின் 07/2007 சுற்றறிக்கை. எங்கள் பிள்ளைகளோ வேலை கிடைத்த பிறகுதான் எழுத்துப் பழகத் தொடங்குகிறார்கள்.

ஆகவே முதலில் நிரந்தர ஆங்கில ஆசிரியர் ஒருவரையும் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு ஒருவரையும் நியமித்துத் தாருங்கள். அவர்கள் தங்க விடுதியும் வேண்டும். தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகச் சொன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்புறம், வெளிநாட்டு மொழி விருப்பப் பாடமாகவே இருக்கட்டும். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி எல்லாம் சாதாரண தரத்தில் ஏற்கெனவே தெரிவுப் பாடங்கள்தானே. எங்கள் பக்கம் கற்பிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கல்வி வலயத்துக்கு ஒரு பாடசாலையில் சனிக்கிழமை வகுப்பு நடத்தினால் விரும்பும் பிள்ளைகள் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து படிப்பார்கள்.

ஆங்கில ஆசிரியர் நியமனத்தையாவது அடுத்த தவணை தொடங்க முன் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பெற்றோர் சார்பில்,
பாடசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்.